நீலக் கேபிளின் அந்த முனை

அக்கா வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு. நான் உள்ளே போகிறேன் என்று சொன்னதும் அக்கா முதலில் கேட்டது, அந்த அறையில் துணி காயப் போட்டுக்கொள்ளலாமா என்பதுதான்.

“மழைக்காலம்டி. வெளிய போட்டா காயவே மாட்டேங்குது.”

“போட்டுக்க.”

“கட்டில் மேல போடமாட்டேன். கொடி கட்டித்தான்.”

“கட்டில் மேலயும் போட்டுக்க. நான்தான் இருக்கப் போறதில்லையே.”

“இருக்கிறப்ப மட்டும் என்ன, வீட்டைத் தூக்கி நிறுத்துற மாதிரி சத்தம் போட்டுட்டா இருக்கே?” என்று சிரித்தாள். கேலிதான். அவளுக்கு என்மேல் பிரியம் உண்டு. தொந்தரவு தராத ஓர் அலமாரியின்மேல் வைக்கும் பிரியம் அது.

உள்ளே போவது என்றால் கேள்வித்தாள் வேலைக்குப் போவது. தட்டச்சு செய்து பக்கம் கட்டுவது என் தொழில். பொதுத்தேர்வுக்கு முன்னால் எங்களைப் போன்றவர்களை ஒரு பழைய கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஃபோனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கும். கணினிகளில் இணையம் இல்லை; வைஃபைக்கான பாகத்தையே கழற்றிவிட்டிருப்பார்கள். கடைசித் தாள் அச்சுக்குப் போகும்வரை வேலை, தூக்கம், சாப்பாடு எல்லாம் அதே சுவர்களுக்குள்தான். பலருக்கு இது தண்டனை போல இருக்கும். நானோ ஆண்டுதோறும் கேட்டு வாங்கிக்கொண்டு போவேன்.

நான் அடிக்கும் தாளைப் பிழை பார்ப்பவர் பக்கத்து அறையில் இருப்பார். எங்கள் இருவருக்கும் தனித்தனிப் படிக்கட்டு, தனித்தனி வாசல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, பெயர் தெரியக் கூடாது, அடுத்த ஆண்டு அதே இருவரைச் சேர்த்துப் போடக் கூடாது. முன்பெல்லாம் தாள்களை ஒரு பென் டிரைவில் போட்டு, காவலுக்கு இருக்கும் வாசல் அண்ணன் கொண்டுபோய்க் கொடுப்பார். போன ஆண்டு அந்தப் பென் டிரைவ் அவர் சட்டைப் பையோடு துவைக்கப் போய்விட்டது. அதனால் இந்த ஆண்டு சுவரில் ஒரு துளை போட்டு, என் கணினியையும் பக்கத்து அறைக் கணினியையும் நீல நிறக் கேபிள் ஒன்றால் நேராக இணைத்துவிட்டார்கள். நடுவில் வேறு எந்தப் பெட்டியும் இல்லை. இந்த முனையில் ஒரு கணினி, அந்த முனையில் ஒரு கணினி, உலகத்தோடு தொடர்பே இல்லாத இரண்டு பெட்டிகள்.

முதல் நாள் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. இணைக்க வந்தவரை அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஒயர்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் என் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருக்க, வாசல் அண்ணன் கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

“என்னய்யா, ரெண்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது?”

“புதுசாக் கட்டி வெச்ச ஜோடிண்ணே. கொஞ்சம் டைம் குடுங்க.”

“என் பொண்டாட்டியும் நானும் இன்னும் அப்படித்தான் நிக்கிறோம்.”

“அதுக்கு என்கிட்ட கேபிள் இல்லண்ணே.”

ஒயர்காரர் எழுந்து வெளியே போனார். பக்கத்து அறைக்குப் போக ஒரு மாடி இறங்கி, முற்றத்தைச் சுற்றி, வேறொரு படிக்கட்டில் மறுபடி ஒரு மாடி ஏற வேண்டும். சுவரின் கனமோ ஒரு சாண்தான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ரெண்டுக்கும் ஒரே நம்பரக் குடுத்துட்டேன்ம்மா. ஒரே கதவு நம்பர்ல ரெண்டு வீடு இருந்தா தபால்காரன் எங்க போவான்? தெருவுலயே நின்னுட்டான்.” எண்ணை மாற்றிவிட்டு நிமிர்ந்தார். “இப்ப உங்க மிஷின் ஒண்ணு, அது ரெண்டு. இனிமே சண்டை இல்ல.”

“அந்தப் பக்கம் யாரு?” என்றேன்.

“ரெண்டுதான்” என்றார், வாசல் அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

என் கணினியில் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்தார். அதில் நான் போடுவது அந்தப் பக்கம் தெரியும். அங்கே திருத்தியது இங்கே வரும். என் கணினியை நான் ஒருபோதும் அணைக்கக் கூடாது, திரையை மட்டும் பூட்டினால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

சரியாக இணைந்திருக்கிறதா என்று சோதிக்கத்தான் அதைச் செய்தேன். ‘பொது’வுக்குள் ஒரு வெற்று ஃபோல்டரை உண்டாக்கி, அதற்குப் பெயராகத் ‘தெரிகிறதா’ என்று அடித்துக் கேள்விக்குறி போட்டேன். கேள்விக்குறியைப் பெயரில் வைக்க முடியாது என்று கணினி மறுத்துவிட்டது. கேள்விகளையே உற்பத்தி செய்யும் கட்டடத்தில் எனக்கு ஒரு கேள்விக்குறி கிடைக்கவில்லை. அது இல்லாமலே விட்டேன்.

சற்று நேரத்தில் அதற்குக் கீழே இன்னொரு ஃபோல்டர் முளைத்தது. ‘தெரிகிறது’ என்று அதற்குப் பெயர். பிறகு இரண்டும் மறைந்துபோயின.

ஒயர்காரர் சொல்லித்தான் எனக்கு அந்த விஷயம் தெரிந்திருந்தது. நான் என் கணினியில் எதையாவது அழித்தால் அது குப்பைத்தொட்டியில் போய்க் கிடக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். அந்தப் பக்கத்திலிருந்து கேபிள் வழியாக அழித்தால் குப்பைத்தொட்டிக்குக்கூட வராது, அடியோடு போய்விடும். அந்தப் பக்கத்து ஆளுக்கும் அது தெரிந்திருந்தது போல. அவரை நான் ரெண்டு என்றே நினைத்துக்கொண்டேன். நான் எழுதியதையும் தான் எழுதியதையும், நான் படித்த பிறகு, ரெண்டு அழித்துவிடுவார். வெற்று ஃபோல்டருக்கு எடை கிடையாது. உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே ஒரு வரி மட்டும். அப்படித்தான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

முதலில் மொழித்தாள்கள். ரெண்டு கண்டிப்பானவர். நான் விட்ட ஒரு புள்ளியைக்கூட விடமாட்டார். ஃபோல்டர் பேச்சிலும் ஒரு சொல் அதிகம் இராது. ஒரு தாளில் படித்துப் புரிந்துகொண்டு விடையளிக்கும் பகுதி இருந்தது. தனித் தீவு ஒன்றில் கலங்கரை விளக்கத்தைக் காவல் காக்கும் மனிதரைப் பற்றிய பத்தி. புயல் வருகிறது, படகு வரவில்லை, எண்ணெய் தீரப் போகிறது. அதோடு இடம் போதாமல் பத்தியை வெட்டியிருந்தார்கள். கேள்வித்தாளில் வாழும் மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான். பாதி வழியில் வருவார்கள், ஊர் பெயர் தெரியாது, பாதியிலேயே போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி நான் வேலை நேரத்தில் அதிகம் யோசிப்பேன்.

‘காவலர் கடைசியில் என்ன ஆனார்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டேன்.

‘தெரியவில்லை. விளக்கு எரிந்தது என்று ஐந்தாம் வினாவிலிருந்து தெரிகிறது’ என்று வந்தது.

அந்தப் பதிலைச் சாப்பாட்டுத் தட்டோடு எடுத்துப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்து ஒருவர் அந்தக் காவலருக்காகக் கவலைப்பட்டு, மீதி வினாக்களை எல்லாம் தேடியிருக்கிறார்.

அந்தத் துணிச்சலில்தான் சில நாள் கழித்து, யாரிடமும் சொல்லாததை எழுதினேன். ‘வெளியில் இருக்கும்போது இதைவிட நிசப்தம். என்னோடு பேச யாரும் இல்லை.’ எழுதியதும் பயம் வந்துவிட்டது. அழிக்க எனக்கு வழியில்லை. அழித்தால் தொட்டியில் கிடக்கும். அடுத்த தாளைத் தட்டச்சு செய்தேன், அதற்கடுத்ததையும். ரெண்டு அவற்றைத் திருத்தி அனுப்பினார். என் வரி அப்படியே கிடந்தது. மாலைத் தேநீரை வாசல் அண்ணன் கதவின் சிறு திறப்பு வழியாக நீட்டியபோது திரும்பிப் பார்த்தேன். கீழே ஒரு வார்த்தை வந்திருந்தது.

‘எனக்கும்.’

நான் நிறையப் படிக்கிறவள். தூர தேசத்துக் கதைகளில், பனியிலும் பாலையிலும், மனிதர்கள் பக்கம் பக்கமாக மனம் திறப்பதைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வார்த்தை தந்ததை அவை எனக்குத் தந்ததில்லை.

மொழித்தாள்கள் முடிந்த மாலை, ‘நாளை முதல் கணக்கு. எனக்குக் கணக்கு வராது’ என்று போட்டுவிட்டுத் திரையைப் பூட்டினேன். காலையில் பதில் இருந்தது.

‘எனக்கு நல்லாவே வரும். பயப்படாதீங்க.’

நான் திகைத்துப்போனேன். ரெண்டு எப்போதும் அச்சடித்த மாதிரிதான் எழுதுவார். இப்படி எதிரே உட்கார்ந்து பேசுவது போல ஒருநாளும் எழுதியதில்லை. அதோடு நிற்கவும் இல்லை. தொட்டிக் கணக்கு ஒன்று வந்தபோது, ‘ஒரு குழாய் ரொப்புது, இன்னொரு குழாய் காலி பண்ணுது. கணக்குப் போடறதுக்கு முன்னாடி ப்ளம்பரக் கூப்பிடச் சொல்லுங்க’ என்று ஒரு ஃபோல்டர். வேலையாட்கள் சுவர் எழுப்பும் கணக்குக்கு, ‘பத்துப் பேர் செய்ய வேண்டியத அஞ்சு பேர் செய்யறாங்களாம். எங்க வீட்டுல ஒருத்திதான் செய்யறேன்.’ நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டு வாசல் அண்ணன் கதவைத் தட்டினார்.

“என்னம்மா, கேள்வில ஜோக்கு வெச்சிருக்காங்களா?”

“கணக்குண்ணே.”

“கணக்கப் பார்த்துச் சிரிக்கிற ஆள இப்பதான் பாக்குறேன். ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

எனக்கு அப்போது இருந்தது சந்தோஷம் மட்டும் இல்லை, பெருமை. அப்படிக் கண்டிப்பான ஒருவர், ஒரு சொல்லை எண்ணி எண்ணிச் செலவழித்தவர், என்னால் இளகியிருக்கிறார். ‘எனக்கும்’ என்று சொன்ன அந்த ஆளுக்குள்ளே இவ்வளவு கேலி பூட்டிக் கிடந்திருக்கிறது, அதை நான் திறந்துவிட்டேன். யாருக்கும் நான் அப்படி எதுவும் செய்ததில்லை. குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தை வேறு மாதிரிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசிக்கு முந்தைய கணக்குத்தாளில், இரண்டு பேர் இரண்டு ஊர்களிலிருந்து எதிரெதிரே நடந்து வரும் கணக்கு வந்தது. ரெண்டு எழுதினார்: ‘எங்க சந்திப்பாங்கன்னு கேக்குறாங்க. சந்திச்சு என்ன பேசுவாங்கன்னு எவனும் கேக்கல.’

என் விரல்கள் எனக்கு முன்னால் அடித்துவிட்டன. ‘நாம் சந்திக்கலாமா.’

வெளியே போய்விட்டால் எங்களுக்குள் ஒன்றும் இல்லை. பெயர் தெரியாது. கேபிளைக் கழற்றிவிடுவார்கள். மறுபடி சேர்த்துப் போடமாட்டார்கள். என்னை அறிந்த ஒரே ஆளை இந்த ஒரு வரியால் பிடித்து வைத்தால்தான் உண்டு.

அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் முதலில், ‘ஒரு விஷயம் சொல்லணும்’ என்று வந்தது. அதன் கீழே நீளமாக:

‘மொழித்தாள் பார்த்தது நான் இல்ல. கணக்குக்கு வந்த ஆள் நான். சொன்னா பேசமாட்டீங்களோன்னு சொல்லல.’

கேட்டால் சிரிப்பீர்கள். மொழிக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று பிழை பார்ப்பவர்கள் மாறக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பென் டிரைவ் வந்துபோன காலத்தில் யார் திருத்தினால் எனக்கென்ன? இந்த முறை அந்த முனையில் எப்போதும் அதே எண் இருந்தது. அந்த எண்ணை நான் ஓர் ஆளாக நினைத்துவிட்டேன். இரண்டு கணினிக்கும் ஒரே கதவு எண் கொடுத்த தப்பை ஒயர்காரர் ஒரு மாடி இறங்கி ஏறித் திருத்திவிட்டார். என் தப்பைத் திருத்த அப்படி ஒரு படிக்கட்டு இல்லை.

மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். காவலரைத் தேடியது ஒருவர். ப்ளம்பரைக் கூப்பிடச் சொன்னது இன்னொருவர். ‘எனக்கும்’ என்று சொன்னவர் என் வார்த்தையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார், போகிறேன் என்றுகூடச் சொல்லாமல். என்னால் யாரும் இளகவில்லை. ஓர் ஆள் போய் ஓர் ஆள் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் பதில் எழுதவில்லை. வேலையை மட்டும் செய்தேன். கடைசித் தாளை முடித்தும் ‘பொது’வில் போடாமல் வைத்திருந்தேன். அதைப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். கண்காணிப்பாளர் அம்மா கதவுத் திறப்பில் குனிந்து, “என்னதான்மா பண்றீங்க? அச்சுக்காரங்க கையப் பிசைஞ்சிட்டு நிக்கிறாங்க” என்றார். போட்டேன்.

திருத்தம் வந்தது. கூடவே ஒரு ஃபோல்டர்: ‘கோபம் நியாயந்தான். ஆனா நாலாங்கேள்வில முக்கோணம் தலைகீழா நிக்குது.’ முக்கோணத்தை நேராக்கினேன். இன்னொன்று வந்தது: ‘முடிஞ்சதும் பின்வாசல் பக்கத்து பஸ் ஸ்டாப்ல நிப்பேன். பச்சைக் குடை. வரலேன்னாலும் தப்பா நினைக்கமாட்டேன்.’

என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தாழ்ப்பாள் திறந்தது. ஒயர்காரர் வந்து மேசைக்கடியில் போனார். ‘பொது’வுக்குள் இருந்த வரி அப்படியே நின்றது, அதை அழிக்க இனி அந்தப் பக்கம் யாருமில்லை. நீலக் கேபிளைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். “ஒரு தகராறும் இல்லாம ஓடிச்சு பாத்தீங்களா?” என்றார்.

வாசலில் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்காவிடமிருந்து ஒரே ஒரு செய்தி இருந்தது. வரும் வழியில் குளியலறைக்கு ஒரு பல்பு வாங்கி வரச் சொல்லியிருந்தாள்.

எனக்கான பஸ் முன்வாசலிலேயே வரும். நான் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கத் தெருவுக்கு நடந்தேன். பச்சைக் குடைக்காரரைப் பார்க்கப் போனேன் என்று சொன்னால் அது பொய். அந்த அறையில் அவருக்கு முன்னால் இருந்தவரைப் பற்றிக் கேட்கப் போனேன்.

மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஓர் உயரமான பெண், ஐம்பது வயதிருக்கும், மழை இல்லாத நேரத்தில் பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பெரிய பைகள் காலடியில். என்னைப் பார்த்ததும் தெரு முழுக்கக் கேட்கும்படி, “ஒண்ணா?” என்றார்.

தலையாட்டினேன்.

“அடக் கடவுளே! நான் யாரோ ரிட்டயர் ஆன அம்மான்னு நினைச்சேன். நீ என்ன இவ்ளோ சின்னப் பொண்ணா இருக்கே? உக்காரு, உக்காரு. வரமாட்டேன்னுதான் நினைச்சேன். ஆனாலும் ஒரு பஸ்ஸ விட்டுட்டேன்.”

பெஞ்சில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் எழுத்தாக இருந்த ஒருவருக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார். பள்ளியில் கணக்கு எடுக்கிறாராம். மகன் வேறு நாட்டில். வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் ரேடியோவை அணைப்பதே இல்லையாம்.

“அந்த ரூம்ல வாய மூடிக்கிட்டு இருக்கணும்னதும் எனக்கு மூச்சே முட்டிப்போச்சும்மா. மொத நாள் காலைல மிஷினத் தொறந்தா, ‘எனக்குக் கணக்கு வராது’ன்னு யாரோ ஒரு ஜீவன் கெஞ்சுது. பதில் சொல்லாம எப்படி இருக்கிறது? சொல்லு.”

“அவங்களப் பார்த்தீங்களா?” என்றேன்.

“யார?”

“உங்களுக்கு முன்னாடி இருந்தவங்கள.”

அவர் குடையை மடக்கினார். அதற்கு அவசியத்துக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

“பாக்கல. ராத்திரியே போயிட்டாங்களாம். ரூமைத் துடைச்சு வெச்ச மாதிரி விட்டுட்டுப் போயிருந்தாங்க. ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்ல.” பிறகு, முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். “உங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டா நீ எழுந்து போயிடுவே. சொல்லாட்டா எனக்குத் தூக்கம் வராது.”

அவர் பைகளைக் காலோடு நெருக்கி வைத்துக்கொண்டார்.

“அன்னிக்குக் காலைல அந்த ‘பொது’வுல உன்னோடது மட்டும் இல்லம்மா. அவங்களோடதும் இருந்துச்சு. நீ ஸ்கிரீனப் பூட்டிட்டுப் போனதுக்கப்புறம் போட்டிருப்பாங்க போல. நீளமான பேரு. பாதிதான் தெரிஞ்சுது, மீதி புள்ளி புள்ளியா நின்னுச்சு. ‘நாளை முதல் நான் இல்லை. வேறொருவர்’ அப்படின்னு. அதுக்கு மேல இருந்ததப் படிக்கல.”

“ஏன்?”

“பேருக்குப் பக்கத்துல ஒரு கோடு இருக்கும்ல, அதப் பிடிச்சு இழுத்தா மீதியும் தெரிஞ்சிருக்கும். இழுக்கல. அத நீ பாத்தா என்கிட்டப் பேசமாட்டேன்னு பட்டுச்சு. உன்னோடத மட்டும் விட்டுட்டு மிச்சத்த எல்லாம் சேத்துப் பிடிச்சு அழிச்சிட்டேன். அஞ்சு நிமிஷங்கூட யோசிக்கல. அப்புறம் தேடிப் பாத்தேன். அந்தப் பக்கத்துல இருந்து அழிச்சா எங்கயும் இருக்காதாமே.”

“இருக்காது.”

ஒரு லாரி எங்கள் முன்னால் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு போனது. முன்னால் இருந்தவர் சொல்லாமல் போகவில்லை. சொல்லியிருக்கிறார். என்னிடம் விடைபெற ஒருவர் நீளமாக ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார், ஒரு வார்த்தைகூட அதிகம் செலவழிக்காதவர். அதன் பாதி இந்தப் பெண்ணிடம் இருந்தது. மீதி யாரிடமும் இல்லை.

“‘வேறொருவர் வருகிறார், வாயாடியாக இருப்பார், ஜாக்கிரதை’ன்னு இருந்திருக்கும்” என்றார் அவர். சிரிக்க முயன்றார்.

“அவங்களுக்கு உங்களத் தெரியாதே.”

“அதுவும் சரிதான்.”

“‘வேறொருவர் வருகிறார், அவரிடமும் பேசுங்கள்’னு இருந்திருக்கலாம்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அது அவருக்குத் தோன்றியிருக்கவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. “இருந்திருக்கலாம்” என்றார் மெதுவாக. “‘அவரை நம்பாதீர்கள்’னும் இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்.”

அவருடைய பஸ் வந்தது. நடத்துநர் அவருடைய பைகளைப் பார்த்துவிட்டு, “ஏறுறீங்களாம்மா இல்லையா?” என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏறுங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர் கையை அசைத்து பஸ்ஸை அனுப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அதன் பிறகு வாயே திறக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது, குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்த விரல்களில் தெரிந்தது. நான் கோபப்பட வேண்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ. எனக்குக் கோபம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். அது இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு கேள்விதான் இருந்தது.

“அந்த ரூம்ல அவங்களோடது எதுவுமே இல்லையா?” என்றேன். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடி யோசித்தார். கணக்கு டீச்சர் யோசிக்கிற மாதிரி, உதடு அசைய.

“நாற்காலி” என்றார். “நாற்காலியத் தரையோட தரையா இறக்கி வெச்சிருந்தாங்க. நான் உக்காந்தா முட்டி மேசைல இடிச்சுது. ஏத்திக்கிட்டேன்.”

“அப்ப குள்ளமா இருப்பாங்க.”

“ரொம்ப. இரு, முழங்கால் உயரம் இவ்வளவுன்னா…” காற்றில் விரலால் ஏதோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். பிறகு குடையைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு எழுந்து நின்று, தன் பக்கத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினார். முதலில் தோளுக்குக் கொஞ்சம் கீழே. “இல்ல, இன்னும் கொஞ்சம்” என்று அரை விரல் உயர்த்தினார்.

“இவ்வளவு இருப்பாங்க.”

அந்தக் கைக்குக் கீழே ஈரமான தெருவும், எதிர்ப்பக்கத்துக் கடையின் மூடிய கதவும் தெரிந்தன. நான் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் குனிந்து அதையே பார்த்தார். கை வலித்திருக்கும். ஆனால் நான் பார்த்து முடிக்கும்வரை அவர் அதை இறக்கவில்லை.